கடைசிப் பிஸ்டலில் மூன்றாம் நம்பர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு யார்மிலா டெலிபோனில் அழுதார். வீட்டிலிருந்த பிஸ்டலை யாரும் திருடவில்லை என்றார். திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றும் சொன்னார்.

என் முதலாளி ஹெட்விகாவுக்கு இந்த மாதிரிப் புகார் என்றால் பால்கோவா. இருபத்திரண்டு வருடம் போலீஸில் துப்பாக்கி லைசென்ஸ் மேஜையில் உட்கார்ந்து, ஊரில் எவன் வீட்டில் எந்த நம்பர் இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் ராடிம், அவருடைய அசிஸ்டென்ட். கார் ஓட்டுவேன், பை தூக்குவேன், தப்பான ஆளைக் குற்றவாளி என்று முதலில் சொல்வேன். மூன்றுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

யார்மிலா சொன்னது புரிய வேண்டுமானால் எங்கள் டுப்கோவ் ஊருக்கு இரண்டு மாதமாகப் பிடித்திருந்த பைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் ஆலை ஒரு பக்கக் காகிதத்தில் அறிவித்துவிட்டது: எழுபத்தொன்று மாடல் இனி கிடையாது. ஐம்பது வருடத்துக்கு மேலாக முழுக்க எஃகில் செய்த பிஸ்டல். இனிமேல் வருவதெல்லாம் பிளாஸ்டிக் உடம்பு. பத்து வருடமாக "கல்லு மாதிரி கனக்குது" என்று எழுபத்தொன்றைத் திட்டிக்கொண்டிருந்த தபால்காரர் துக்கத்துக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். பல் டாக்டர் மார்செலா ஒரே வாரத்தில் நாலு வாங்கிப் போட்டார். அந்த வயிற்றெரிச்சலில் பாதி ஊர் பல்வலியோடு பக்கத்து ஊர் டாக்டரிடம் போனது. ஒன்று வைத்திருந்தவன் இரண்டு வைத்திருப்பவனைப் பார்த்துப் புகைந்தான். இரண்டு வைத்திருந்தவன் எத்தனை என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

இதில் ஆலை செய்த புண்ணியம், கடைசியாகச் செய்த ஒரே ஒரு பிஸ்டலை ஊர்ச் சேகரிப்பாளர் கிளப்புக்கு ஒதுக்கியது. பன்னிரண்டு உறுப்பினர்கள், தொப்பியில் பன்னிரண்டு சீட்டு. தலைவர் அலோய்ஸ் குலுக்கலுக்கு முன்பே தன் வீட்டில் கண்ணாடி அலமாரி அடித்து, உள்ளே விளக்கும் போட்டுவிட்டார். சீட்டில் வந்தது போஹுமிரின் பெயர். அலோய்ஸும் போஹுமிரும் முப்பது வருட சிநேகிதர்கள். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும், ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் பூனைக்குச் சோறு வைப்பார். காட்டில் காளான் பொறுக்கும் இடத்தைத் தவிர இருவருக்குள்ளும் ரகசியம் கிடையாது. குலுக்கல் முடிந்த அன்றிலிருந்து அலோய்ஸ் தெருவில் போஹுமிரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

போஹுமிர் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, அவர் மனைவி யார்மிலா கையால் பின்னிய சாம்பல் நிற வீட்டுச் செருப்புகளை மாட்டிக்கொண்டோம். என் சாக்ஸில் கட்டை விரல் எட்டிப் பார்த்தது. யார்மிலா பார்க்காத மாதிரி இருந்தார், நல்ல மனுஷி. மேஜைமேல் அந்தப் பெட்டி திறந்திருந்தது, பக்கத்தில் கசகசா பன் ஒரு தட்டு. ஹெட்விகா இரண்டையும் சமமான ஆர்வத்தோடு பார்த்தார்.

பிஸ்டலின் உடம்பில் 906 என்று முடிகிற கடைசி நம்பர். மேலே முன்னும் பின்னும் போகிற ஸ்லைடிலும் அதே நம்பர். தோட்டாக் கூடு வெளியே விழுகிற துவாரத்தின் வழியாக உள்ளே இருக்கும் குழலைப் பார்த்தேன். அதில் 0003 என்று இருந்தது.

எனக்கே தெரியும் அது யாருடையது என்று. முதல் இரண்டு நம்பரும் ஆலையின் காட்சியறையில் இருக்கின்றன. மூன்றாவது அலோய்ஸிடம். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி, மூன்றாவது வார்த்தைக்குள் மனுஷன் மூன்றாம் நம்பருக்கு வந்துவிடுவார்.

இன்று மூன்று மணிக்குள் பிஸ்டலைப் போலீஸ் ஸ்டேஷனில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் கடைசி நாள். உடம்பு, ஸ்லைடு, குழல் மூன்றிலும் உள்ள நம்பரைப் பார்ப்பார்கள். இன்னொருவனுடைய குழல் உள்ளே இருந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் போஹுமிர் முப்பது வருடமாகச் சேர்த்த இருபத்தாறு பிஸ்டல்களும் அன்றே மாடிப்படி இறங்கிப் போய்விடும். ஹெட்விகா தன் காலத்தில் நாலு பேர் வீட்டில் அப்படி இறக்கியிருக்கிறார். அதில் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கை அசைத்தாராம்.

யார்மிலாவுக்குச் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை மதியம் கிளப் முழுக்க இங்கே வந்தது. அலோய்ஸும் வந்தார், வாழ்த்தாமல் வந்தார். பிஸ்டல் கைக்குக் கை போனபோது அவர்தான் அதிக நேரம் வைத்திருந்தார். எல்லோரும் உருளைக்கிழங்கு சாலட்டில் மும்முரமாக இருந்த நேரத்தில் குழலை மாற்றிவிட்டார். இந்த மாடலைக் கழற்றி மாட்ட அவருக்கு அரை நிமிஷம் போதும்.

"பொறாமை, ஹெட்விகா. வேற என்ன? இவருக்குக் கிடைச்சது அந்த ஆளுக்குப் பொறுக்கல. முழுசா இருக்கிறதை மூளியாக்கிட்டுப் போயிட்டாரு," என்றார் யார்மிலா.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உடனே சொல்லவும் சொன்னேன்.

உள்ளறையிலிருந்து போஹுமிர் வெறும் சாக்ஸோடு வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. அலோய்ஸ் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றார். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், தான் ஸ்டேஷனுக்கே போகப்போவதில்லை, பிஸ்டலை ஆலைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். குலுக்கலில் ஜெயித்த அன்று கிளப் மேஜைமேல் ஏறிப் பாடிய மனுஷன் இவர்.

"ஸ்டேஷனுக்குப் போக ஷூவும் இல்லையாம்," என்றார் யார்மிலா. "சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட்டப்போ நல்லாத்தான் இருந்தது. இப்ப அடி தேய்ஞ்சு போச்சுன்னு தைக்கக் கொடுத்துட்டாராம். காலைல கட்டிலை விட்டே இறங்கல, சாக்கு மட்டும் நல்லா வருது."

ஹெட்விகா இரண்டாவது பன்னை எடுத்தார். பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்க்கோடியில் இருக்கிற அலோய்ஸ் வீட்டுக்குக் காரை விட்டேன். வழியெல்லாம் என் வாதத்தை எடுத்து விட்டேன். ஹெட்விகா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திருடப் போறவன் தன் பேரை எழுதி வச்சுட்டுப் போவானா ராடிம்?"

நான் உடனே கட்சி மாறினேன். அப்படியானால் யாரோ அலோய்ஸை மாட்டிவிடப் பார்க்கிறார்கள், அது பல் டாக்டர் மார்செலாவாகத்தான் இருக்க வேண்டும், நாலு வாங்கியவளுக்கு ஐந்தாவதுமேல் ஆசை வராதா என்றேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இப்படித் திரும்பினால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வண்டியில் உட்கார்ந்து, ஒரே பேச்சைக் கேட்டு, அவருக்கு மட்டும் தெரிவதில் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சலை நான் மறைத்ததே இல்லை.

அலோய்ஸ் கதவைத் திறந்தார். ஆறடி நாலங்குல மனுஷன், தோணி மாதிரி பாதங்கள். அவர் வீட்டு விருந்தாளிச் செருப்புகள் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் செருப்புகள். கிளப் கமிட்டிக்கென்று ஆறு ஜோடி வாங்கிவைத்திருந்தார். ஹெட்விகா குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஐந்துதானே இருக்கிறது என்றார். அலோய்ஸ் பூனை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார். இருந்த ஐந்துக்குள்ளும் என் கால் நுழையவில்லை. காலஞ்சென்ற அவர் மனைவியின் ரோஸ் நிறச் செருப்பு கொஞ்சம் தளர்ந்திருந்ததால் அதை மாட்டிக்கொண்டு நின்றேன். இந்தக் கோலத்தில் ஒருவரைக் குற்றம் சாட்டுவது கஷ்டம்.

அலோய்ஸ் ஒளிவுமறைவே இல்லாமல் பேசினார். மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். கண்ணாடி அலமாரியில் விளக்கை அணைக்கவும் மனசு வரவில்லை, எரியவிடவும் மனசு வரவில்லையாம். முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் ஒரே கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்று நாற்பது வருடம் காத்திருந்தவர் அவர். தொப்பிக்குள் கையைவிட்டவன் வேறு சீட்டை எடுத்துவிட்டான்.

"பொறாமையான்னு கேக்கறீங்களா? ஆமா, பொறாமைதான். அவனைப் பார்த்தாலே எரியுது. ஆனா அடுத்தவன் பிஸ்டல்ல கை வைக்கிற ஈனப்புத்தி எனக்கு இல்ல. என் மூணாம் நம்பர் இருக்கிறப்போ அவன் குழல் எனக்கு எதுக்கு? காட்டறேன், பாருங்க."

இரும்புப் பெட்டியின் முன் போய், முதுகால் மறைத்துக்கொண்டு எண்ணைத் திருகினார். ஹெட்விகா ஜன்னலைப் பார்த்தபடி, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்னு," என்றார். அலோய்ஸின் கை நின்றுவிட்டது. ஹெட்விகாவுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, கிளப்பில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டுக்கும் அதே எண், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அலோய்ஸ் எண்ணெய்த் துணியைப் பிரித்து மூன்றாம் நம்பரை எடுத்தார். காலி என்று காட்ட ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டார். கடகட என்று ஒரு சத்தம். நம்பரை அவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

"இது என்னுது இல்லையே," என்றார்.

துவாரத்துக்குள் பார்த்தார். குழலில் 906 என்றிருந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். தன் லைசென்ஸும் இப்போது அதே படிக்கட்டில் நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. யார் நம்புவார்கள் என்று இரண்டு முறை கேட்டார். ஊரில் அவ்வளவு பொறாமைப்பட்டவர் வேறு யாரும் இல்லை, அதை ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவரேதான். மடியில் வந்து படுத்த பூனையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

ஹெட்விகா மெதுவாகக் கேட்டு வாங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் போஹுமிர் வீட்டிலிருந்து வந்ததும் மூன்றாம் நம்பரை எடுத்துத் துடைத்திருக்கிறார், அப்போது சரியாக இருந்தது. ஞாயிறு விடிவதற்கு முன் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போனார். வழக்கமாக மதியம்தான் திரும்புவார். நேற்று அவருடைய ரகசிய இடத்தில் வேறு எவனோ கூடையோடு நின்றிருக்கிறான். அந்தக் கோபத்தில் ஒன்பது மணிக்கே வீடு திரும்பிவிட்டார். கதவு பூட்டியபடியே இருந்தது. ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பூனை சாப்பிட்டுதா?" என்றார் ஹெட்விகா.

அலோய்ஸ் யோசித்தார். பூனை சாப்பிடவில்லை, வயிறு முட்ட இருந்தது, எலி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஹெட்விகா எழுந்து நேராக வாசலுக்குப் போனார். ஷூ வைக்கிற தட்டில் காட்டுச் சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸ், சாண்டல், அலோய்ஸின் பிரம்மாண்டமான கறுப்பு ஷூக்கள். ஓரமாக ஒரு பழுப்பு ஷூ ஜோடி, முடிச்சவிழ்த்து, ஒழுங்காகச் சேர்த்துவைத்து. மேடம் ஒன்றைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். தேயவே இல்லை. அலோய்ஸின் ஷூவுக்குள் அந்த ஷூவை அப்படியே வைத்துவிடலாம், அவ்வளவு சின்னது. மாப்பிள்ளை எப்போதோ விட்டுப்போனது என்று நினைத்ததாக அலோய்ஸ் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை கடை திறக்கிற செருப்புத் தைக்கிறவர் யாராவது இருந்தா சொல்லு ராடிம்," என்றார் ஹெட்விகா. "என்னுதும் ஒண்ணு கொடுக்கணும்."

சனி சாயங்காலம் போஹுமிர் காலில் இருந்த ஷூ. ஞாயிறு கடை கிடையாது. திங்கள் காலை மனுஷன் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அதே பேச்சை நானும்தான் கேட்டேன், அதே தட்டைத்தான் தாண்டி உள்ளே போனேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்தவன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவன்கூட எங்கள் ஊரில் ஷூவோடு தரையை மிதிக்க மாட்டான். வாசலில் கழற்றி, விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவான். சாவியை எடுத்தாலே பூனைக்குச் சோறு வைத்துப் பழகிய கை அதையும் செய்திருக்கிறது. அலோய்ஸின் கார் சத்தம் கேட்டதும் பின்கதவு வழியாக ஓட்டம், சிவப்புக் கட்டச் செருப்போடு.

ஹெட்விகா இதைச் சொல்லக் கேட்டதும் அலோய்ஸ் எழுந்து கோட்டை மாட்டினார். கோபத்தில் இரண்டு முறை தப்பான கையில் மாட்டினார். போஹுமிரை அவர் முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தை ஸ்டேஷனில் சொன்னால் போதும்.

இரண்டு மணிக்கு போஹுமிர் வீட்டில் ஐவரும் நின்றோம், அலோய்ஸ் கையில் மூன்றாம் நம்பர் பெட்டி. ஹெட்விகா பழுப்பு ஷூக்களை மேஜையருகே தரையில் வைத்தார். யார்மிலா அவற்றைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். போஹுமிர் பால்கனிக்குப் போய், பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கட்டச் செருப்புகளை எடுத்துவந்து ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை பார்ட்டியில் எல்லோரும் பொறாமையில் வெந்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் தன் பிஸ்டல் ஸ்லைடின் கடகட சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். வாங்கிய நாளிலிருந்தே அது அரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அலோய்ஸ் காட்டுக்குப் போகிற நேரம் தெரியும், பெட்டியின் எண்ணும் தெரியும், தன்னுடையதும் அதேதானே. பிஸ்டலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அலோய்ஸின் சமையலறை மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கழற்றிவைத்து ஒப்பிட்டார். மூன்றாம் நம்பர் குழலைத் தன்னுடையதில் மாட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் கார் வந்தது. எந்தக் குழல் எதில் இருந்ததோ அப்படியே மாட்டி, மூன்றாம் நம்பரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஓடிவந்துவிட்டார். திருப்பி வைக்கப் போக வழியில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

"எதுக்குடா?" என்றார் அலோய்ஸ். "கடைசிப் பிஸ்டல் உன்கிட்டதானே இருக்கு."

"எல்லாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டீங்க. நான் உன்னைப் பார்த்துத்தான்டா பொறாமைப்பட்டேன், முப்பது வருஷமா. கடைசி கிடைச்சா அது தீரும்னு நினைச்சேன். நீயே இழுத்துப் பாரு."

ஹெட்விகா தலையசைத்தார். அலோய்ஸ் இரண்டு பிஸ்டலையும் கழற்றி, குழல்களை அதனதன் வீட்டுக்கு மாற்றினார். யார்மிலா சொன்ன அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் நம்பரை இழுத்து விட்டார். வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. அடுத்து கடைசிப் பிஸ்டலை இழுத்தார். கடகட. இன்னொரு முறை இழுத்தார். ஆலையில் வேலை போகிறது என்று கடிதம் கொடுத்த பிறகு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வாரம் வேலை பார்த்த ஆட்கள் செய்தது அது. மனசு எங்கேயோ இருந்திருக்கிறது. யாரைக் குறை சொல்வது?

அலோய்ஸின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

போஹுமிரும் அதைப் பார்த்துவிட்டார். 

"ஸ்டேஷன்ல வேணா சொல்லிக்கோ அலோய்ஸ். லைசென்ஸ் போனாப் போகட்டும். கிளப்ல மட்டும் சொல்லிடாத."

 நான் என் பங்குக்குப் புத்தி சொன்னேன்: இவருக்கு மூன்றாம் நம்பர்மேல் ஆசை, அவருக்குக் கடைசிமேல் ஆசை, இரண்டு பேரும் பிஸ்டலை மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததே. சொல்லி முடிப்பதற்குள் இருவர் கையும் அவரவர் பெட்டிமேல் போய் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அடுத்தவன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்த பிறகு எவன் கொடுப்பான்? ஹெட்விகா எனக்கு ஒரு பன்னை நீட்டினார், வாயை அடைக்க.

மணி இரண்டு நாற்பது ஆகியிருந்தது. அலோய்ஸ் பழுப்பு ஷூக்களைக் காலால் போஹுமிர் பக்கம் தள்ளினார்.

"மாட்டு. மூணு மணிக்கு மூடிடுவான்," என்றார்.

ஸ்டேஷனில் மூன்று நம்பரையும் பார்த்து முத்திரை குத்தினார்கள். அலோய்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அந்தப் புன்னகை மட்டும் போகவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை கிளப் கூடும் நாள். இந்த ஆள் பேசாமல் இருப்பாரா?

வியாழன் சாயங்காலம் பீர்க்கடையில் கிளப்பின் நீள மேஜைக்குப் பக்கத்து மேஜையில் நானும் ஹெட்விகாவும் இடம் பிடித்தோம். வினிகரில் ஊறிய சாசேஜ் வந்தது, நான் தொடவில்லை. போஹுமிர் பழுப்பு ஷூவோடு கோடியில் உட்கார்ந்திருந்தார். அவர் கோப்பையில் நுரை அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. பல் டாக்டர் மார்செலாதான் ஆரம்பித்தார். தலைவர் மறுபடியும் போஹுமிர் வீட்டுக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன், நிதானமாகக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்களே, எப்படி இருக்கிறது கடைசிப் பிஸ்டல் என்று கேட்டார். பத்துத் தலைகள் அலோய்ஸ் பக்கம் திரும்பின. போஹுமிர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலோய்ஸ் கோப்பையை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், மீசையைத் துடைத்தார். எல்லாவற்றையும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு என்ன பாடு என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

"இழுத்துப் பார்த்தேன்," என்றார். "வெண்ணெய் மாதிரி இருக்கு. என்கிட்ட இருக்கிற மூணாம் நம்பரே அதுக்கு அப்புறம்தான்."

மேஜை முழுக்கப் பெருமூச்சு விட்டது. மார்செலாவின் முகம் பச்சையானது. அலோய்ஸ் போஹுமிரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கு."